பொக்காளி வயலும் தூக்கணாங்குருவியும்

தென்மேற்குப் பருவமழை நெருங்க நெருங்க ஆண் தூக்கணாங்குருவியின் தலையில் மஞ்சள் ஏறுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் அது பெட்டைச் சிட்டுக்குருவியைப் போலத்தான் இருக்கும். முதுகில் பழுப்புக் கோடுகள், வெளிறிய வயிறு, தடித்துக் குட்டையான கூம்பு அலகு. கூட்டமாக வயலில் இறங்கிக் கூட்டமாகவே கிளம்பிப் போகிற அதை அப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் உச்சந்தலையும் நெஞ்சும் பளீரென்று மஞ்சளாகிவிடுகின்றன. கன்னம் முழுக்கப் படர்ந்து தொண்டை வரை ஒரு கரும்பழுப்பு முகமூடி இறங்குகிறது. அலகும் கறுக்கிறது. பெட்டைக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை; அதே பழுப்பு உடை, கண்ணுக்கு மேல் அதே வெளிறிய புருவக்கோடு. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 15 சென்டிமீட்டர்தான். தென்னிந்தியக் குளக்கரைகளில் இதைவிடப் பகட்டான பறவைகள் எத்தனையோ உண்டு. ஆனால் பச்சை நெல்லின் மேல் அந்த மஞ்சள் தலைகள் எழுந்து தாழ்வதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

கொச்சிப் பகுதியில் வாழ்வது, திருவிதாங்கூரின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய உள்ளினம். உள்நாட்டின் வறண்ட நிலத்துக் குருவிகளைவிட இதன் நிறம் சற்று அடர்ந்தது.

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் பஜார் சாலையின் பழைய மிளகுக் கிடங்குகளையும் அரண்மனைச் சுவரோவியங்களையும் யூதத் தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெற்கே தோப்பும்படி, பள்ளுருத்தி தாண்டிப் பெரும்படப்பு வழியாகக் கும்பளங்கிக்குப் போகிற சாலையில் நகரம் சட்டென்று தீர்ந்து நீர் தொடங்குகிறது. நீருக்கு நடுவே வரப்புகள், வரப்புகளில் தென்னைகள், தென்னைகளுக்கு இடையே வயல். மேற்கே செல்லானம் வரையிலும், வடக்கே வைப்பின், கடமக்குடி, ஏழிக்கரை என்றும் இந்த நிலம் விட்டுவிட்டு நீள்கிறது. கொச்சித் துறைமுகத்தையும் இந்த வயல்களையும் ஒரே வெள்ளம்தான் உண்டாக்கியது என்று சொல்வார்கள். 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் முசிறிப் பக்கத்துத் துறை தூர்ந்து கொச்சியின் கடல்வாய் அகலமாகத் திறந்தது. கடல் ஓதத்தில் உப்புநீர் ஏறி இறங்கும் தாழ்நிலங்களும் அப்போது உருவாயின என்பது மரபாக வரும் செய்தி. துறைமுகம் மட்டாஞ்சேரியின் வணிகர்களுக்குப் போயிற்று. தாழ்நிலம் உழவர்களுக்கு வந்தது. அங்கே அவர்கள் விளைவித்த நெல்லுக்குப் பெயர் பொக்காளி.

பொக்காளியின் வேலைமுறை தெரியாமல் இங்குள்ள குருவியின் ஆண்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஏப்ரலில் இறால் பிடிப்பு முடிந்ததும் வயலின் நீரை மதகு வழியாக வடித்துவிடுகிறார்கள். வரப்புகளைச் சேறு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். வயலுக்குள் மண்ணைச் சிறு சிறு கூனைகளாகக் குவித்துக் காயவிடுகிறார்கள். ஜூன் மழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவி எடுத்துவிடும். பிறகு முளைகட்டிய விதையைக் கூனைகளின் மேல் தெளிப்பார்கள். ஒரு மாதத்தில் நாற்று முழங்கால் உயரம் வந்ததும் கூனையை மண்வெட்டியால் துண்டுதுண்டாக வெட்டி, நாற்றோடு சேர்த்து வயல் முழுக்கப் பரப்புவார்கள். அதற்குப் பின் உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. ஏறும் நீரோடு போட்டி போட்டுக்கொண்டு பயிர் 130, 140 சென்டிமீட்டர் வரை வளரும். அக்டோபர் வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று பெண்கள் கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் நீரிலேயே நின்று அழுகும். நவம்பரில் மதகைத் திறந்தால் காயல் நீரோடு வரும் இறால் குஞ்சுகளுக்கு அந்த அழுகல்தான் தீவனமாகிறது. நெல்லின் மிச்சம் இறாலுக்கு, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு. உலகின் எந்த வேளாண் பல்கலைக்கழகமும் இதைவிடச் சிக்கனமான ஒரு சுழற்சியைக் காகிதத்தில்கூட வரைந்துவிட முடியாது.

இந்த நெல்லுக்கு உலக மதிப்பு உண்டு. மணிலாவுக்கு அருகிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைத் தாங்கும் நெல் வகைகளை உருவாக்கியபோது பொக்காளியைத்தான் ஒரு பெற்றோராக எடுத்துக்கொண்டது. உப்புநிலத்துக்காக ஆசியாவில் இன்று வளர்க்கப்படும் பல வகைகளில் பொக்காளியின் மரபணுத் துண்டு இருக்கிறது. கொச்சிக்குள்ளேயே வைற்றிலாவில் இதற்கென்று ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் பல பதிற்றாண்டுகளாக இயங்குகிறது. புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் தூக்கணாங்குருவிக்கு முக்கியம் வேறு. மழைமாதங்களில் உயரமாக நிற்கும் நீண்ட தாள், மருந்து படாத வயலின் பூச்சி, பிறகு முற்றும் கதிர்: ஒரு குருவிக்கூட்டம் குஞ்சு பொரித்து வளர்க்கத் தேவையான மூன்றும் வேண்டிய வரிசையில், வேண்டிய நேரத்தில் அதற்கு அங்கே கிடைக்கின்றன.

கூடு கட்டுவது ஆண். ஒரு தாளின் அடிப்பக்கத்தில் அலகால் சிறு வெட்டு வைத்து, அந்த இடத்தைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கிப் பறக்கும். பறந்த வேகத்திலேயே ஒரு நீண்ட கீற்று கிழிந்து வந்துவிடும். நெல் தாள், கோரை, தென்னோலை என்று எதுவானாலும் இதே முறைதான். கீற்று 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். முதல் கீற்றை ஓலை நுனியில் சுற்றிச் சுற்றி முடிகிறது. முடிச்சுக்கு மேல் முடிச்சாகச் சேர்ந்து ஒரு தொங்கல் உருவாகிறது. தொங்கல் ஒரு வளையமாக விரிகிறது. அந்த வளையத்தில் கால் ஊன்றி நின்றுகொண்டு, அலகு எட்டும் தூரத்தை அளவாக வைத்து, முன்னும் பின்னும் பின்னுகிறது. ஏறக்குறைய எட்டு நாளில் கூடு தலைக்கவசத்தின் வடிவத்துக்கு வருகிறது. கீழே இரண்டு திறப்புகள், நடுவில் குறுக்காக ஒரு தடித்த பட்டை. அங்கே ஆண் நிறுத்திவிடுகிறது. மேலே கட்டுவதில்லை. பெட்டைக்காகக் காத்திருக்கிறது.

பெட்டைகள் வரும்போது குடியிருப்பு முழுவதும் கொந்தளிக்கும். ஒவ்வோர் ஆணும் தன் அரைக்கூட்டின் அடியில் தொங்கிக்கொண்டு சிறகடிக்கும். பெட்டை உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்க்கும், பட்டையில் உட்கார்ந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் பறந்துவிடும். பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு எங்கே தொங்குகிறது என்பதற்கே பெட்டை அதிக மதிப்புக் கொடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எவ்வளவு அழகாகப் பின்னினாலும் தவறான மட்டையில் தொங்கவிட்டால் அந்த உழைப்பு வீண்தான். யாரும் ஏற்காத கூடுகள் தலைக்கவச நிலையிலேயே நின்று, நிறம் மங்கி, அந்தப் பருவம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். ஏற்றுக்கொண்டால் மட்டும் ஆண் மீண்டும் வேலையைத் தொடங்கும். ஒரு திறப்பை மூடி முட்டைக்குழியாக்கும். மற்றதைக் கீழே நீட்டி நுழைகுழாயாக்கும். முழுக் கூட்டுக்கு மொத்தம் 18 நாள் ஆகிறது. 500 முறை வரை நார் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பெட்டை இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள் இட்டுத் தானே அடைகாக்கும். ஆண் அதற்குள் பக்கத்து மட்டையில் இன்னொரு வளையம் பின்னத் தொடங்கியிருக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியை ஆண்டுக்கணக்கில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு கூடு, ஓர் ஆண், ஒரு பெட்டை என்றே நினைத்திருந்தார்கள். 1930இல் பெர்லினில் பறவையியல் பயிற்சி முடித்துத் திரும்பிய சலீம் அலிக்குப் பம்பாயில் வேலை இல்லை. அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துவந்த பதவியே எடுக்கப்பட்டுவிட்டது. மனைவி தெஹ்மினாவோடு கடற்கரையோர ஊரான கிஹிமுக்குக் குடிபோனார். வீட்டருகே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிக் குடியிருப்பு இருந்தது. ஓர் ஏணியின் உச்சியில் துணி மறைப்புக் கட்டி உட்கார்ந்து, அந்த மழைக்காலத்தை அவர் அந்தக் குருவிகளுக்கே கொடுத்தார். ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல கூடுகள் கட்டிப் பல பெட்டைகளோடு கூடுகிறது, எந்தக் கூடு வேண்டும் என்று முடிவெடுப்பது பெட்டைதான் என்பதை அங்கிருந்து எழுதினார். இந்தியப் பறவையியலில் செத்த பறவையின் தோலை அளப்பதிலிருந்து உயிருள்ள பறவையின் நடத்தையைப் பார்ப்பதற்கு நடந்த மாற்றத்தில் அந்த ஏணிக்கு ஒரு பங்கு உண்டு. மூன்றே ஆண்டில், 1933இல், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க அவரே இங்கே வந்தார். மறையூரில் ஜனவரியில் தொடங்கிய அந்தப் பயணத்தின் முடிவுகள்தான் பின்னாளில் கேரளப் பறவைகள் பற்றிய அவருடைய நூலாயின. ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய கே.கே. நீலகண்டன் 1958இல் ‘கேரளத்திலே பட்சிகள்’ நூலைக் கொண்டுவந்தபோது இந்த அறிவு மலையாள வாசகரின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

தலைக்கவச நிலையில் கூட்டின் உட்புறத்தில் ஆண் ஈரக் களிமண்ணை அப்பி வைக்கும். ஏன் என்ற கேள்விக்குக் கிராமங்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டன: அந்தக் களிமண்ணில் மின்மினிப்பூச்சியை ஒட்டிவைத்து இரவில் குஞ்சுகளுக்கு விளக்கேற்றுகிறதாம். தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காத குழந்தை குறைவு. இந்தியாவின் பல மொழிகளில் இதே கதை உண்டு. மதராஸ் படையில் மருத்துவராக இருந்தபடியே இந்தியப் பறவைகள் முழுவதையும் 1860களில் நூலாக்கிய ஜெர்டன், இந்தக் களிமண்ணை எடுத்து நிறுத்துப் பார்த்தவர். காற்றில் கூடு நிலைகொள்ள அது எடையாக உதவுகிறது என்று அவர் கருதினார். அரைக்கூடு எடையில்லாதது, பருவக்காற்று பலமானது என்பதை நினைத்தால் அது நியாயமான கருத்துதான். மின்மினிக்கு ஆதாரம் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்தக் கதையைச் சொன்னவர்கள் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து மண் இருப்பதைக் கண்டவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறவையியல் பகுப்பில் தூக்கணாங்குருவி பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் குயிலையோ வண்ணாத்திக்குருவியையோ எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம் வரலாம். தனிக்குருவியின் குரல் சிட்டுக்குருவியின் கீச்சொலியைவிட அதிகம் வேறுபட்டதல்ல. ஆண்கள் கூடுகளில் தொங்கியபடி ‘சிட் சிட்’ என்று தொடங்கி, மூச்சை இழுத்துவிடுவதுபோல ஒரு நீண்ட ‘ச்சீ’யில் முடிக்கும். அதன் அழகு கூட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு தென்னையில் இருபது, முப்பது ஆண்கள் ஒரே நேரத்தில் அதைச் செய்யும்போது வயலின் மறுகரை வரை கேட்கும். மழை வலுத்தால் நின்றுவிடும். தூறலாகக் குறைந்தால் உடனே மீண்டும் தொடங்கும். நெல்வயலில் வேலை செய்கிறவர்களின் பகல் முழுவதும் அந்த ஓசைக்குள்தான் கழிகிறது.

தமிழ் இலக்கியத்துக்கு இந்தக் குருவி புதியதல்ல. குறுந்தொகையின் 374ஆம் பாடலில், உறையூர்ப் பல்காயனார் எழுதியதில், உயர்ந்த பனையில் தூக்கணாங்குருவி பின்னிய கூடு உவமையாக வருகிறது. பனைமடலின் நுனியில் அது கூடு தொங்கவிடுவதைச் சங்கப் புலவர் கவனித்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை சொல்லப்போய்த் தன் கூட்டையே இழந்த குருவியின் கதையையும் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிவார்கள். உள்நாட்டில் அதன் மரங்கள் பனையும் ஈச்சையும் கிணற்றின் மேல் சாய்ந்த கருவேலமும்தான். கொச்சியில் அந்த இடத்தைத் தென்னை எடுத்துக்கொண்டிருக்கிறது. மழை தென்மேற்கிலிருந்து அடிப்பதால் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்திலேயே தொங்கும். தென்னை இல்லாத இடத்தில் மின்கம்பியிலும் கட்டும். பழைய கூடுகளும் வீணாவதில்லை. சில்லைகள் அவற்றில் குடியேறும். வீட்டு வரவேற்பறையில் மாட்டக் கூட்டை அறுத்துக்கொண்டு போகிறவர்கள், குருவி விட்டுப்போன பின்னும் அதற்கு வேறு குடித்தனக்காரர் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும்.

உழவருக்கு இந்தக் குருவி மேல் புகார் இல்லாமலில்லை. பால் பிடிக்கும் கதிரில் கூட்டமாக இறங்கும், சில்லைகளும் சேர்ந்துகொள்ளும். பளபளக்கும் நாடாக்களை வயலின் குறுக்கே கட்டி விரட்டுகிறார்கள். ஆனால் பொக்காளி உழவர்கள் மிகவும் அஞ்சுவது குருவியை அல்ல, நீலக்கோழியை. அது தண்டையே ஒடித்துப்போடும். நாற்றுப் பருவத்திலேயே பயிரை அழித்துவிடும். தூக்கணாங்குருவியின் கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. தானியம் தின்னும் பெற்றோர்கள் குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிகளையும் புழுக்களையும்தான். கூடுகள் நிறைந்த ஒரு தென்னையிலிருந்து மருந்தடிக்காத வயலுக்கு ஒரு நாளில் எத்தனை நடை என்று ஓர் உழவர் உட்கார்ந்து பார்த்தால் போதும், கதிரில் போகும் நெல்லுக்கு என்ன திரும்பி வருகிறது என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பொக்காளி ஒரு காலத்தில் எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத்தில் 25,000 எக்டேர் வரை பரந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று விதைக்கப்படுவது அதில் ஒரு சிறு பங்கு. நெல்லைவிட இறாலுக்கு விலை அதிகம். சேற்றில் இயந்திரம் இறங்காது. இடுப்பளவு நீரில் அறுக்க ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. அதனால் பலர் நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுக்க நீரைத் தேக்கி மீனும் இறாலும் மட்டும் வளர்க்கிறார்கள். ஒரே பாடசேகரத்தில், அதாவது ஒரே வயல்தொகுதியில், ஒருவர் நீரை வடிக்க மறுத்தால் பக்கத்து நிலத்துக்காரரும் விதைக்க முடியாது. ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்ற அரசின் கொள்கை இருக்கிறது. நெல்வயல்களையும் நீர்நிலங்களையும் காக்க 2008இல் கேரளம் இயற்றிய சட்டமும் இருக்கிறது. மண் கொட்டி நிரப்புவதை அந்தச் சட்டம் தடுக்கலாம். விதைக்காமல் விடுவதை அதனால் தடுக்க முடிவதில்லை.

விதைக்காத வயல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். நீர் மின்னும், கொக்கும் நீர்க்காகமும் வரும், படம் எடுக்க வருகிறவர்களும் வருவார்கள். பறவைகள் குறைந்துவிட்டதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் அங்கே ஜூலையில் கிழிக்க நெல் தாள் இல்லை, செப்டம்பரில் கதிர் இல்லை. நீர்ப்பறவைகள் நிறைந்திருப்பதே வயல்பறவைகளின் இழப்பை மறைத்துவிடுகிறது. தூக்கணாங்குருவி உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமல்ல; செம்பட்டியலில் அது கவலை குறைந்த வகையிலேயே இருக்கிறது. அந்த ஆறுதலை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. அதன் நெருங்கிய உறவான பெரிய தூக்கணாங்குருவி, இமயமலை அடிவாரத் தராய்ப் புல்வெளிகளில் வாழ்வது, புல்வெளிகள் உழவுக்கும் கட்டடத்துக்கும் போனதால் இன்று அருகிய இனங்களின் பட்டியலில் நிற்கிறது. அங்கே உழவு பறவையை விரட்டியது. கொச்சியில் உழவு நின்றால் பறவை போய்விடும். ஒரே குடும்பத்தின் இரண்டு குருவிகளுக்கு இரண்டு நேரெதிரான தேவைகள் இருப்பதால், பாதுகாப்பு என்றால் மனிதனை விலக்கி வேலி போடுவது என்ற பொதுவிதி இங்கே செல்லாது. கும்பளங்கியிலும் கடமக்குடியிலும் தூக்கணாங்குருவியைக் காப்பாற்ற நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, அங்கே நெல் விதைக்கிறவருக்கு நட்டமில்லாமல் பார்த்துக்கொள்வது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏழிக்கரையில் பள்ளியாக்கல் கூட்டுறவு வங்கி உழவர்களிடமிருந்து பொக்காளி நெல்லை வாங்கி அரிசியாக்கி விற்கிறது. கொச்சியைச் சுற்றி வேறு சில உழவர் குழுக்களும் இதைச் செய்கின்றன. அரிசி சிவந்து, சற்றுப் பருத்து, வெந்த பிறகு தனி மணத்தோடு இருக்கும். கடை அரிசியைவிட விலை கூடுதல்தான். சேற்றில் நின்று கையால் அறுத்த நெல்லுக்கு அந்த விலை நியாயமானது. கொச்சிக்குப் போகிற தமிழ் வாசகர்கள் மிளகு வாங்கும்போது இதிலும் ஒரு கிலோ வாங்கிவாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பிற்பகலைக் கும்பளங்கிச் சாலைக்குக் கொடுங்கள். வரப்பில் நின்று பாருங்கள், கூட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள். தோட்டமோ தென்னந்தோப்போ உள்ளவர்கள் கூடு தொங்கும் மட்டையை அக்டோபர் முடியும்வரை வெட்டாமல் வையுங்கள். நவம்பர் 15இல் மதகுகள் இறாலுக்காகத் திறக்கப்படும். அதற்கு முன்பே கடைசிக் குஞ்சும் பறந்திருக்கும்.